அலுவலர் கால் கழுவிய தண்ணீர்

தங்கம் சுரங்கத்திலிருந்து கிடைக்கிறது என்று படித்தவர்களும் நம்பி வருகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய பிழை. திருவண்ணாமலையைப் பொறுத்தவரை தங்கம் துடைப்பத்திலிருந்து கிடைக்கிறது.

நகைப் பட்டறையில் அரம் போடும்போது பறக்கும் பொன்தூள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கும் போய் உட்காரும். அதனால் பட்டறைக்காரர்கள் எதையும் வெளியே கொட்டுவதில்லை. பெருக்கிய தூசி, கை கழுவிய தண்ணீர் எல்லாம் டிரம்முக்குப் போகும். வாசல் கால்மிதியைக்கூட வருஷத்துக்கு ஒருமுறை கொளுத்திச் சாம்பலை அதில் போடுவார்கள். பிறகு அடியில் தங்கிய வண்டலை அரித்து, உருக்கி, தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள்.

கோதண்டராமன் பட்டறையின் நீல டிரம் மூன்று வருஷமாக அரிக்கப்படவில்லை. காரணம் உண்டு. மகள் கவிநிலாவுக்குத் தையில் கல்யாணம். ஊர்க் காதுக்கெல்லாம் கம்மல் செய்கிற வீட்டில், அவள் காதுக்கு உரியது அந்த டிரம்மின் அடியில் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சகல கடைகளும் பட்டறைகளும் தம் கழிவை ஈரம், உலர் எனப் பிரித்துக் குப்பை வண்டியில் ஒப்படைத்தாக வேண்டும். இதை நிறைவேற்ற வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் முழுப் பெயர் இக்கதையைவிடச் சற்றே நீளம். தரம்பிரிப்பு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆய்வாளர் இளவரசன் படிவத்தோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பட்டறை முழுக்க நடந்து பார்த்தார்.

"டிரம்முல இன்னா?"

"தூசி சார். தண்ணியில ஊறுது," என்றார் கோதண்டராமன்.

"தூசின்னா உலர் கழிவு. தண்ணின்னா ஈரக் கழிவு. ரெண்டையும் ஏன் கலந்தீங்க?"

"கலக்கலன்னா பறந்துடும் சார்."

"பறக்கிற கழிவுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்களே."

"அதுல தங்கம் இருக்குது சார்," என்றாள் கோதண்டராமனின் மனைவி ராணியம்மாள்.

இளவரசன் டிரம்மை எட்டிப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர். 'தங்கம் தென்படவில்லை. கூடுதல் ஆய்வு தேவை' என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

வாசலில் ராணியம்மாள் தாம்பாளமும் செம்புத் தண்ணீருமாக நின்றாள். "சார், கால கழுவிட்டுப் போங்க." பட்டறைக்குள் நடந்தவர் யாரையும், கூடப் பிறந்த தம்பியானாலும், காலில் ஒட்டிய தூசியோடு அவள் வெளியே விட்டதில்லை.

இளவரசன் பதினேழு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். இதுவரை எந்தக் கடையிலும் அவருக்கு நாற்காலிகூடத் துடைத்துப் போட்டதில்லை. "இதெல்லாம் எதுக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தார்.

"விரல் இடுக்கு சார். நல்லா தேய்ங்க."

இத்தனை பக்தியை அவர் கண்டதில்லை. அவர் தெரு திரும்பியதும் தாம்பாளத் தண்ணீர் டிரம்முக்குப் போனது.

அந்த மாதத்துக்குள் எட்டு ஆய்வுகள் நடந்தன. எட்டிலும் கூடுதல் ஆய்வு தேவைப்பட்டது. ஒன்பதாவதற்கு அவர் தம் கண்காணிப்பாளர் ராமதாஸையும் அழைத்து வந்தார். ராமதாஸுக்குப் பாதம் பெரிது. ராணியம்மாள் இரண்டு செம்பு ஊற்றினாள். அவர் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தார். மறுவாரம் செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, மிட்டாய்க் கடை வாசல்களிலெல்லாம் அலுவலர்களுக்காகத் தாம்பாளம் வைக்கப்பட்டது. செங்கம் சாலைக் கஃபே ஒன்றில் வெளிநாட்டவர்களுக்கும் இதே சேவை தொடங்கியது; முன்பதிவு கட்டாயம். எதற்காகக் கழுவுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கழுவினார்கள்.

தீபம் நெருங்கியது. ஊரில் ஒரு குப்பையும் இருக்கக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை காலை குப்பை வண்டி பட்டறை வாசலில் நின்றது. கூடவே இரண்டு அலுவலர்களும்.

கவிநிலா டிரம்மைப் பார்த்தாள். "வுடும்மா. நான் கவரிங் போட்டுக்கறேன்."

கோதண்டராமன் சுத்தியலை வைத்துவிட்டு டிரம்முக்கு முன்னால் போய் நின்றார்.

ராணியம்மாள் ராமதாஸிடம் வந்தாள். "எடுத்துட்டுப் போங்க சார். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உங்க கால் கழுவின தண்ணியும் அதுலதான் இருக்குது. வண்டியில மீன் கடைக் கழிவு ஜாஸ்தியா இருக்குது. கலந்துடும். அப்புறம் உங்க இஷ்டம்."

"எங்க கால் தண்ணியா?"

"இளவரசன் சார் பதினோரு தடவை. நீங்க மூணு தடவை."

ராமதாஸ் திரும்பினார். "பதினோரு தடவையா, இளவரசன்?"

"ஆய்வு சார்."

வண்டியின் நிழலில் ஒரு மணி நேரம் ஆலோசனை நடந்தது. பிறகு உத்தரவு பிறந்தது. 'பணியிலுள்ள அலுவலரின் பாதம் கழுவிய நீரைக் கழிவு என வகைப்படுத்துவது பதவியின் மாண்புக்கு இழுக்கு. ஆகவே மேற்படி நீர் கழிவு அன்று. அது உரிய மரியாதையுடன் அதே இடத்தில் நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டும். நீர்மட்டம் மாதந்தோறும் அளக்கப்படும்.' டிரம்மில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள்.

"போச்சு. இனிமே எப்படி அரிக்கிறது?" என்றார் கோதண்டராமன்.

"உத்தரவ நல்லா படிங்க. தண்ணின்னு போட்டிருக்குது. வண்டல்னு ஒரு எழுத்து இருக்குதா?" என்றாள் ராணியம்மாள்.

அன்றைக்கே வண்டலை வாரி அரித்தார்கள். டிரம்மில் குழாய்த் தண்ணீரைச் சிவப்புக் கோடு வரை நிரப்பி வைத்தார்கள். மார்கழி ஆய்வில் மட்டம் சரியாக இருப்பது கண்டறியப்பட்டது. பராமரிப்பு சிறப்பு என்று ராமதாஸ் கைப்படக் குறிப்பு எழுதினார்.

தையில் கல்யாணத்துக்கு அலுவலர்கள் இருவரும் வந்தார்கள். பந்தியில் ராமதாஸ் மணப்பெண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கம்மல் எடுப்பா இருக்குதே. எந்தக் கடைங்க?"

கோதண்டராமனுக்குப் பொய் வராது. "கடை இல்ல சார். எல்லாம் நீங்க கால் கழுவின தண்ணியில எடுத்ததுதான்."

"அடடா, என்ன ஒரு பணிவு," என்று ராமதாஸ் நெகிழ்ந்து இன்னொரு வடை கேட்டார். பக்கத்து இலையில் இளவரசன் பாயசத்தை நிறுத்திவிட்டார். குனிந்து, மேசைக்கு அடியில் தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி மாத ஆய்வுக்கு இளவரசன் தனியாக வந்தார். மட்டத்தை அளந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பட்டறைக்குள் உலாத்தினார். வாசலில் ராணியம்மாள் தாம்பாளத்தோடு நின்றாள்.

"வேணாம்மா, நேரமாச்சு," என்று சொல்லி, காலைக் கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வேங்கிக்கால் அலுவலக வாசலில் கிடந்த கால்மிதியை அன்று மாலையிலிருந்து காணவில்லை.