புத்தக அலமாரிக் கதவு

"அத்தை, எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே மருமகள் அடுத்த அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். துருப்பிடித்த கட்டில், தலைகீழாகக் கிடந்த ஒரு வாளி. மாமியார் இல்லை.

அந்த முதியோர் இல்லத்தை மூடி ஆறு மாதமாகிறது. இடுப்பு எலும்பு முறிந்து தேறும்வரை மாமியார் அங்கேதான் இருந்தார். மூடியதும் வீட்டுக்கு அழைத்து வந்த மருமகள், அன்றிலிருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துத் தாங்கினாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். உப்பு டப்பாவை ஒளித்து வைத்தாள். மதியம் அவர் கண்ணயர்ந்தால் போதும், அடிக்கடி வந்து மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். மாமியார் திடுக்கிட்டு எழுந்துகொள்வார். இல்லத்திலாவது நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டேன் என்று இன்று காலைகூட முணுமுணுத்தார்.

அப்படிச் சொன்னவர் மதியம் படுக்கையில் இல்லை. செருப்பும் கைத்தடியும் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினாள்; இடுப்பு முறிந்தவர் படியா ஏறப்போகிறார் என்று மாடியை மட்டும் பார்க்கவில்லை. ஊருக்குப் போன கணவன் சாயங்காலம் வந்து அம்மா எங்கே என்று கேட்டால்? பழைய இல்லத்துக்குத்தான் போயிருப்பார் என்று ஸ்கூட்டரில் பறந்து வந்துவிட்டாள்.

வயசான அம்மா ஒருத்தர் பின்பக்கக் கூடத்துக்குப் போன மாதிரி இருந்ததே என்று கேட்டில் இருந்த காவலாளி கை காட்டியிருந்தார். அங்கே நுழைந்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கூடத்தில் யாரும் இல்லை. திரும்பினால் கதவையும் காணோம்.

சுற்றிலும் புத்தக அலமாரிகள். தொட்டால் சுவர், எல்லாம் வரைந்த புத்தகங்கள். ஞாபகம் தப்பியவர்கள் வாசலைக் கண்டுபிடித்து வெளியே போய்விடக் கூடாதென்று கதவின்மேலும் அதே ஓவியத்தைத் தீட்டியிருந்தார்கள். அத்தைகூட ஒருமுறை இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உள்பக்கம் கைப்பிடியும் கிடையாது.

கைபேசி ஸ்கூட்டர் பெட்டியில். அழைப்பு மணிக் கயிற்றை இழுத்தாள். கயிறு கையோடு வந்தது. ஜன்னலுக்கு எட்டச் சக்கர நாற்காலியில் ஏறினாள். அது உருண்டோடி எதிர்ச்சுவரில் கொண்டுபோய் மோதியது. முடி அவிழ்ந்து, முகமெல்லாம் ஒட்டடையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தியபோது, காவலாளி சாவகாசமாக வந்து நின்றார்.

"கதவைத் திறங்க. நான் வெளியில இருந்து வந்தவ."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

"இல்லம் மூடி ஆறு மாசமாச்சேங்க."

"அதான் பாவமா இருக்கு. உங்களை மறந்துட்டுப் போயிட்டாங்க போல."

அத்தையைப் பார்க்க வாராவாரம் வருவேனே, தெரியவில்லையா என்று கெஞ்சினாள். யாரை யார் பார்க்க வந்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் குழம்பத்தான் செய்யும் என்றார் அவர். இன்று என்ன கிழமை என்று கேட்டார். பதற்றத்தில் வியாழன் என்றாள். சனி என்று இரக்கத்தோடு திருத்தினார். கணவன் எண்ணைக் கேட்டார். பெயரைத் தட்டியே பழகியவளுக்கு முதல் சில எண்களுக்குமேல் வரவில்லை. அவர் உச்சுக்கொட்டினார். அப்புறம் கம்பி வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டி, கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்றார்.

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னைப் பூட்டியே வச்சுக்கோங்க. எங்க அத்தையை மட்டும் தேடுங்க. தடுக்கி எங்கயாவது விழுந்து கிடந்தா, தூக்கிவிடக்கூட ஆள் இல்லைங்க."

காவலாளியின் முகம் மாறியது. தலையைச் சொறிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கைபேசி அடித்தது. "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே சுற்றி ஓடி வந்து, புத்தக அலமாரியை அகலத் திறந்தார்.

"உங்க அத்தை உங்க வீட்டு மாடியில நல்லாத் தூங்கி எழுந்தாச்சாம். இனிமே நீங்க வீட்டுக்கு வரலாமாம்."