சென்னையிலிருந்தே நேரில் பார்த்தவர்

மனித உயிரின் மதிப்பை உலகில் முதன்முதலாக உணர்ந்தவர்கள் திருப்பூர்க் கட்டிடப் பொறியாளர்கள்தான் என்பதை வரலாறு ஒப்புக்கொண்டே தீர வேண்டும். 2008-இல் அவர்கள் 'பொறியாளர் சட்ட உரிமைப் பேரவை'யைத் தொடங்கி ஒரே ஒரு கோரிக்கையை முன்வைத்தார்கள்: 'பொறியாளர் நேரில் பார்த்து உறுதிச் சான்று அளிக்காத எந்தக் கட்டிடத்திலும் ஆட்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.'

இந்த மகத்தான வாசகத்தைப் பதினேழு முறை தட்டச்சு செய்தவள் நதியா. பேரவைத் தலைவர் பொங்கியண்ணனின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சங்கரன்கோவில் பக்கமிருந்து அக்கா முத்துப்பேச்சியோடு பிழைக்க வந்தவள். பதினேழு முறையும் அவளுக்குப் புல்லரித்தது. அந்தத் தைரியத்தில்தான் தலைவரிடம் வாயைத் திறந்தாள்.

அக்காவின் பனியன் கம்பெனியில், மின்வெட்டுக்காக மொட்டை மாடியில் ஜெனரேட்டர் ஏற்றியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, எழுபது பேர் தைக்கிற மாடியில், கூரையைத் தாங்குகிற பீம் விரிசல் விட்டு வெடித்திருந்தது.

"இரும்பு ஸ்கேலு உள்ள போவுதாம் சார். ஒரு எட்டு வந்து பாருங்க சார்."

"பாக்கலாங் கண்ணு. சட்டம் வரட்டும்."

"அதுக்குள்ள விழுந்துட்டா சார்?"

"சட்டம் வர்றதுக்கு முந்தியே நானாப் போய்ப் பாத்துட்டா, அப்புறம் சட்டம் எதுக்குன்னு எம்.எல்.ஏ. கேக்க மாட்டாரா கண்ணு?"

இந்த ஆழம் நதியாவுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குப் பயம்தான் பிடித்தது.

பேரவை சென்னைக்கு ரயிலேறியது. தலைவர் வழக்கம்போல வெற்று லெட்டர்பேடில் இருபது கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார். யார் சான்று கேட்டாலும் நதியா கட்டிடத்தின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். 'நேரில் ஆய்வு செய்தேன், உறுதியாக உள்ளது' என்ற வரி கம்ப்யூட்டரில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

மறுநாளே அக்காவின் கம்பெனி மேனேஜர் மயில்சாமி போன் செய்து சான்று கேட்டார். அப்போதுதான் நதியா அந்தத் தவறைச் செய்தாள். மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குப் போசியோடு மாடியேறி, பீமைப் போய்ப் பார்த்துவிட்டாள். ஸ்கேல் உள்ளே போனது. அவள் விரலும் உள்ளே போனது. நேரே ஆபீசுக்கு வந்து, தலைவரின் கையெழுத்துக்கு மேலே, 'நேரில் ஆய்வு செய்தேன். பீம் வெடித்துள்ளது. ஆட்களை உடனே இறக்கவும்' என்று அடித்தாள். கம்பெனிக்கு ஒன்று, அரசு அலுவலகத்துக்கு ஒன்று. சாயங்காலத்துக்குள் எழுபது பேரும் தெருவில் நின்றார்கள்.

சென்னையில் எம்.எல்.ஏ. கோரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது தலைவரின் செல்போன் அடித்தது.

"ஏனுங்க, ஷிப்மென்ட் நேரத்துல இப்பிடி எழுதிப் போட்டீங்களே?" என்றார் மயில்சாமி.

"நானுங்களா? நான் அந்தப் பக்கமே வந்ததில்லீங்களே. செத்த இருங்க."

தலைவர் தெருமுனை ஃபேக்ஸ் கடைக்கு ஓடி, கம்பெனிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அனுப்பினார்: 'மீண்டும் நேரில் ஆய்வு செய்தேன். முழு உறுதியாக உள்ளது. முந்தைய சான்று செல்லாது.' நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பீமை நேரில் பார்க்கும் தொழில்நுட்பம் அன்று ஜப்பானில்கூட இல்லை. எம்.எல்.ஏ.வும் நெகிழ்ந்துபோய், சட்டத்துக்கு 'ஆவன செய்வதாக' வாக்களித்தார்.

மறுநாள் காலை எழுபது பேரும் மாடியேறினார்கள். முத்துப்பேச்சியும்தான். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

ராத்திரி ரயிலில் திரும்பிய பேரவையின் அவசரக் கூட்டம் அதே ஒன்பது மணிக்குத் தலைவரின் ஆபீசில் கூடியது. குற்றவாளி நதியா. குற்றம், பேரவையின் லெட்டர்பேடில் உண்மையை எழுதியது.

"எங்க அக்கா அந்த மாடியிலதான் இருக்கா சார். இப்பவாச்சும் யாராவது ஒருத்தர் வாங்க சார்" என்றாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார் செயலாளர் பிரதீப். "நீ இன்ஜினியரிங் படிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்புறம் யாரக் கேட்டுப் போய்ப் பாத்தே? அது இன்ஜினியர் பாக்கற வேலை."

நதியா நிமிர்ந்து, வட்டமாக உட்கார்ந்திருந்த பத்துப் பேரையும் ஒரு முறை பார்த்தாள்.

"நான் இன்ஜினியரா இருந்தா போய்ப் பாத்திருக்க மாட்டேன் சார்."