ஐம்பது நிமிடத்தில் விமானம் மாறச் சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை மறுக்கிறது. போனில் பேசினால் "மாமா, நிதானம்" என்று பாதியிலேயே அடக்கிவிடுவீர்கள். ஆகவே விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுக் கோபத்தையும் தாளில் எழுதுகிறேன். நேரில் கையில் தருவேன்.

பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். இரண்டு டிரிப்புக்கு நடுவில் டிரைவர் முகம் கழுவவே கால் மணி நேரம் ஒதுக்கியவன். அப்படிப்பட்டவனுக்கு விமானம் மாற ஐம்பது நிமிடம் விட்டு டிக்கெட் போட்டிருக்கிறீர்களே, இது விமான நிலையமா, மாடிப்படியா? பத்து ஐந்துக்கு இறங்கினோம். திரையில் உங்கள் ஊர் விமானம் பத்து ஐம்பத்தைந்து என்று பார்த்ததும் ஷூ லேசை இறுக்கிக் கட்டினேன். "என் முட்டி கிடக்கட்டும், நீங்க முன்னாடி ஓடுங்க" என்றாள் உங்கள் அத்தை. ஓடினேன், ஓடும் தரை என்று ஒன்று இருக்கிறதே, அதில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன், நாலு நிமிடம் ஓடியும் அதே செண்ட் கடைக்கு முன்னால்தான் இருந்தேன், கடைக்காரப் பெண் இரண்டு தடவை என்மேல் செண்ட் அடித்துவிட்டாள், அங்கிருந்து தப்பிச் சோதனைக்குப் போனால் பெல்ட்டைக் கழற்று என்கிறான், ஒரு கையில் பேண்ட், மறு கையில் ஷூ, அதற்குள் பின்னால் வந்து சேர்ந்த அத்தையின் மூட்டுவலித் தைலத்தைப் பிடித்துக்கொண்டு "இது அளவு ஜாஸ்தி" என்கிறான், அவள் அங்கேயே பாதியை முழங்காலில் தேய்த்துவிட்டு "இப்போ குறைஞ்சிருச்சுல்ல, குடுப்பா" என்கிறாள், அதற்கப்புறம் உள்ளேயே ஒரு ரயில், அதிலிருந்து இறங்கினால் எண்பத்தேழாம் வாசல் எங்கேயோ கண்ணுக்கெட்டாத தூரத்தில்!

போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம், இந்தப் பக்கம் நான்.

"கேட் மூடியாச்சு சார். உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"டிக்கெட்டைப் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? கதவைத் தொற! என் பொண்ணுக்கு நாளைக்குப் பிரசவம்!"

கத்திக்கொண்டே கண்ணாடியைத் தட்டினேன். கண்ணெதிரே விமானம் பின்னால் நகர்ந்து போயிற்று. உங்கள் அத்தை அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்குத் தைத்த சட்டைகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை, அந்த அழுகைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மகள் வலியில் "அம்மா" என்று கூப்பிடும்போது அம்மா எங்கே இருப்பாள்? எண்பத்தேழாம் வாசலில்!

மகளுக்கு என் ஆசிகள், சுகப்பிரசவமாகட்டும். உங்களுக்கும் ஆசிகள் உண்டு, கோபம் தணிந்ததும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தாள், கூடவே டிக்கெட்டும் வந்தது. எங்கள் விமானம் பிற்பகல் இரண்டு மணிக்காம். உங்கள் ஊருக்கு ஒரே நாளில் இரண்டு விமானம் போகும் என்று நான் கண்டேனா? நான்கு மணி நேரம் விட்டுத்தான் போட்டிருக்கிறீர்கள். கோபத்தில் நாலு தடவை கிழித்துக் கிழித்து எழுதியதில் மணி இப்போது ஒன்று நாற்பது. வாசலும் எண்பத்தேழு இல்லையாம், மூன்றாம் வாசலாம். ஒலிபெருக்கியில் எங்களைத்தான் கடைசி முறையாகக் கூப்பிடுகிறார்கள், அத்தை ஓட ஆரம்பித்துவிட்டாள். பிடித்துவிட்டால், இப்படி ஒரு கடிதம் எழுதப்படவே இல்லை. பிடிக்காவிட்டால், மேலே எழுதியது அத்தனையும் அப்படியே செல்லும்.