என் கூடத்தின் நிறம் சிவப்பு

ஐம்பத்தாறாம் வருஷத்துப் பொங்கலுக்கு முந்தின வாரம். ஓசூர் யாருக்கு, மைசூர்க்காரர்களுக்கா சென்னைக்காரர்களுக்கா என்று பெரிய மனிதர்கள் எங்கெங்கோ மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் அந்தச் சிக்கலே கிடையாது. எல்லை பிரித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சமையலறை, சாமியறை, ராகிக் குதிர், கிணற்றடி, பிள்ளைகள் எல்லாம் என் மனைவி சென்னம்மாளுக்கு. மாட்டுக்கொட்டகை எனக்கு. கூடம் மட்டும் தகராறில் இருந்தது. அந்த வாரம் அதையும் தீர்த்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

கூடத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை ரோட்டில் நாலு மைல் வந்தால் எங்கள் ஊர். ஊரிலேயே முதன்முதலில் மங்களூர் ஓடு போட்ட கூடம் என்னுடையது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். கூடத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. பின்னால் இருக்கிற புளியமரத்தில் குரங்கைப் பார்க்கிறார்கள் என்பது என் மனைவி கட்சி.

அப்பேர்ப்பட்ட கூடத்துக்கு ரோஸ் கலர் அடிக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். ஆனேக்கல்லில் அவள் தங்கை நாராயணம்மா வீட்டில் அடித்திருக்கிறார்களாம்.

"உள்ள போனா மனசே குளுகுளுன்னு ஆயிடுதுங்க."

"குளிரணும்னா கிணத்துல எறங்கு. ரோஸு பொம்பளப் புள்ளைங்க ரிப்பனுக்கு ஆவும். நான் அஞ்சு ஜோடி மாடு கட்டி ஏர் ஓட்றவன்."

"மாடு கூடத்துலயா படுக்கப் போவுது?"

"கூடம் செவப்பு. நல்ல கெட்டிச் செவப்பு. தாசில்தார் உக்கார்ற தாலுக்கா கச்சேரி மாதிரி."

"கச்சேரிக்கு யாராச்சும் ஆசைப்பட்டுப் போறாங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை டீக்கடையில் பக்கத்து வீட்டு நாராயணப்பன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முறைக்கு மச்சான். குணத்துக்குப் பங்காளி.

"என்ன மச்சான், கூடத்துக்கு ரோஸாமே? எங்க வீட்டுல சொன்னாங்க. கூடவே உனக்கும் ஒரு ரோஸ் சட்டை தைச்சுடலாமா?"

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் மீசையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஊத்தங்கரை வரைக்கும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுச் சொன்னேன்.

"இத பாரு நாராயணப்பா. என் சம்மதம் இல்லாம என் கூடத்துல ரோஸ் ஏறிச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"சென்றாயன் கிட்ட சவரக் கத்தியைத் தீட்டி வெக்கச் சொல்லவா?"

"சொல்லு! சும்மா கெடந்து துரு புடிக்கட்டும்!"

வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. சென்னம்மாள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"மீசை வரைக்கும் போயிட்டீங்களா? அப்ப செவப்பே இருக்கட்டும். ஆயித்து."

அவளுக்குக் கோபம் வந்தாலும் கன்னடத்தில் வரும், சம்மதம் வந்தாலும் கன்னடத்தில் வரும். 'ஆயித்து' என்றால் சரி, முடிந்தது என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு. அன்றைக்கு மாடுகள்கூட என்னை மரியாதையாகப் பார்த்தன.

புதன்கிழமை ஓசூருக்குப் போய் ஒரு மூட்டை செங்காவிப் பொடி வாங்கிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை வேலை ஆரம்பம். எங்கள் பக்கத்தில் வெள்ளையடிப்பது பெண்கள் வேலை. அடித்து முடித்த பிறகு வந்து நின்று, "அங்க விட்டுப்போச்சு பாரு" என்று கை நீட்டுவது ஆண்கள் வேலை. என் அப்பாவும் கை நீட்டினார். நானும் நீட்டிக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்பு மட்டையைக் கையில் பிடித்த ஆண்பிள்ளை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. இதை இதுவரைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்னம்மாள் காவியை வெறும் தண்ணீரில் கரைத்து ஒரு மூலையில் கொஞ்சம் பூசி, காயவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் சாஞ்சு பாருங்க."

சாய்ந்தேன். என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கக் காவி.

"இப்படியே அடிச்சா, சாமியாராப் போயிட்டீங்களான்னு ஊரே கேக்கும். புடிப்புக்குச் சுண்ணாம்பு சேக்கணும்ங்க."

"எவ்வளவு?"

"எனக்கென்ன தெரியும்? செவப்பு வேணும்னது நீங்க. உங்க கையாலயே ஊத்துங்க. செவப்பு போற மாதிரி இருந்தா நிறுத்திக்குங்க."

நியாயமான பேச்சு. நானே தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சட்டி சுண்ணாம்புக் குழம்பு ஊற்றிக் கலக்கினேன். சிவப்பு. இன்னொரு சட்டி. சிவப்புதான். அவள் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் புடிப்பு பத்தாதுங்க" என்றாள். இன்னும் இரண்டு சட்டி. கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நல்ல செங்கல் சிவப்பு. போதும் என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

கூலிக்கு வந்திருந்த முனிலட்சுமி மட்டையைத் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஈரச் சுவரில் தொட்டியில் இருந்ததைவிடக் கெட்டியான சிவப்பு! கச்சேரியே தோற்றுவிடும்.

"இந்தக் கலர்தானே?" என்றாள் சென்னம்மாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"இதேதான்."

"முனிலட்சுமி, நீயும் கேட்டுக்க. அய்யா இதேதான்னு சொல்லிட்டாரு."

முனிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்ணாம்பு நெடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் என் மனைவி கூடத்துக் கதவைச் சாத்திப் பூட்டினாள். காற்றுப் பட்டு வேகமாகக் காய்ந்தால் சுண்ணாம்பு உதிருமாம். அதுவும் நியாயமாகப் பட்டது. நான் என் எல்லைக்குள், அதாவது மாட்டுக்கொட்டகையில், படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிக்கொண்டு நேரே நாராயணப்பன் வீட்டுக்குப் போனேன். "வா மச்சான், செவப்புன்னா என்னன்னு காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சாவியை வாங்கிக் கதவை நானே திறந்தேன். விரியத் திறந்தேன்.

பிறந்து நாலு நாள் ஆன எலிக்குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறம். நாலு சுவரும் அந்த நிறம்.

தப்பு வீட்டைத் திறந்துவிட்டேனோ என்று நிலைப்படியைப் பார்த்தேன். என் நிலைப்படிதான். சுண்ணாம்பு கலந்த எந்த நிறமும் ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தால் அதில் கால்வாசியாகவும் இருக்கும் என்பது எங்கள் ஊரில் பாவாடை கட்டிய குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். மீசை வைத்தவர்களுக்குத்தான் தெரியாதாம். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு மேலுதடு மட்டும் சில்லென்று இருந்தது.

நாராயணப்பன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சென்றாயன் கடை தொறந்துதான் இருக்குது. நீயா வரியா, நாலு பேரைக் கூட்டியாரட்டா?"

அப்போதுதான் சென்னம்மாள் இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள்.

"எதுக்குண்ணா சென்றாயன்? அவரு சம்மதம் இல்லாம ரோஸ் ஏறினாத்தானே மீசை? இது அவரே ஆசைப்பட்டு, அவரு கையாலயே கலக்கினது. 'இதேதான்'னு முனிலட்சுமி முன்னால சொன்னாரு. வேணும்னா அவளைக் கேளுங்க. உங்களுக்கு வேடிக்கை காட்டத்தான் செவப்புன்னு சொல்லி வெச்சிருந்தாரு. இல்லீங்களா?"

கடைசி வார்த்தை எனக்கு. சொல்லிவிட்டு மோர் டம்ளரை நீட்டினாள். ஒரு பக்கம் உண்மை, இன்னொரு பக்கம் மீசை. உண்மை போனால் வெளியே தெரியாது.

"ஆமா" என்றேன். மோர் குடித்தேன். "ஆமா மச்சான்! நான்தான் கலக்கினேன். சும்மா வருமா இந்த ரோஸு? கணக்கு இருக்குது. ஒரு சட்டி கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு. பெங்களூர்ல பெரிய பெரிய பங்களாக்காரனே இதுக்கு ஆள் தேடறான்."

சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. ஜன்னல் வழியாக வெயில் வேறு உள்ளே வந்து சுவரில் விழுந்தது. பித்தளைக் குத்துவிளக்கு அந்த நிறத்துக்கு முன்னால் தங்கமாக மின்னியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழகாக இருந்தது. இது என் கூடம், இது என் கை என்று நெஞ்சு விம்மியது. ரோஸ் கண்ணுக்கு நல்லது என்றேன். கொசு அண்டாது என்றேன். இந்தத் தாலுக்காவில் ரோஸ் கலக்கத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்றேன்.

நாராயணப்பன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்தது. அவன் மனைவி லட்சுமியம்மாள், இடுப்பில் காலிச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதாண்ணா? அப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. தொட்டியில சுண்ணாம்பு ஊறிக்கிட்டிருக்குது. எங்க கூடத்துக்கும் ரோஸு கலக்கித் தர வெள்ளிக்கிழமை நீங்களே வருவீங்கன்னு சென்னம்மா மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டா."

மூன்று நாளைக்கு முன்னால் நான் காவியே வாங்கியிருக்கவில்லை.