தேர்வுக்கு ஒரு தொடை

தேர்வு பத்து மணிக்கு. மணி ஒன்பதே முக்கால் ஆகியும் தொடை வரவில்லை.

இயன்முறை மருத்துவக் கல்லூரியில் இடுப்பு, தொடை செய்முறைத் தேர்வு என்றால் வெறும் எலும்புக்கூடு போதாது. உயிருள்ள ஓர் ஆள் அரைக்கால் சட்டையோடு மேசையில் படுக்க வேண்டும். எந்தத் தசை எங்கே ஓடுகிறது என்று மாணவர்கள் அவர் தோலின் மேலேயே பேனாவால் வரைந்து காட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்.

ஆளையும் தேர்வாளரையும் வரவழைக்கும் பொறுப்பு குமாஸ்தாவுடையது. ஆறு வருடமாகத் தற்காலிகக் குமாஸ்தாவாகவே காலம் தள்ளுகிற மனிதர். "இந்தத் தேர்வு மட்டும் குறையில்லாம நடக்கட்டும், உங்களை நிரந்தரமாக்கிடறேன்" என்று முதல்வர் அம்மா சொல்லியிருந்தார். குறை வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், முகத்திலேயே எழுதியிருந்தது.

மணி பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு ஒருவர் படியேறி வந்தார்.

"தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தாங்க. லேட்டாயிடுச்சா?"

"ஐயோ, இல்ல சார்! வாங்க, வாங்க!" குமாஸ்தா அவர் கையிலிருந்த பையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். நாற்காலி வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. காபியும் வந்தது.

"இவ்வளவு மரியாதை எந்தக் காலேஜ்லயும் பண்ணதில்ல" என்று கோட்டுக்காரர் நெகிழ்ந்தார்.

முதல்வர் அம்மா குமாஸ்தாவை மூலைக்கு இழுத்தார். "தொடை எங்கய்யா?"

"வந்துடும் மேடம்..."

"எப்ப? இவர் கிளம்பின பிறகா? ஆள் இல்லைன்னா நீங்க படுங்க!"

"நானா? மேடம், எனக்குக் கூச்சம்."

"வேலை போனா கூச்சம் தன்னால போயிடும்."

ஐந்தே நிமிடத்தில் விளையாட்டு அறையிலிருந்து எடுத்த அரைக்கால் சட்டையோடு குமாஸ்தா மேசையில் கிடந்தார். கோட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நான் மேசைக்கிட்ட வரட்டுமா மேடம்?"

"நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? உக்காருங்க. இவர் இருக்காரு."

"அப்படியா? சரி, முதல்ல அவர் ஆகட்டும்."

முதல் மாணவி வந்தாள். "இது தையல்காரத் தசை. உடம்புலயே நீளமானது" என்று சொல்லிக்கொண்டே இடுப்பெலும்பின் ஓரத்தில் பேனாவை வைத்தாள். அவ்வளவுதான். குமாஸ்தா கெக்கெக்கே என்று சிரித்து, துள்ளி, மேசையில் பாதியும் காற்றில் பாதியுமாகத் தொங்கினார். தசை தொப்புளுக்குப் போய்விட்டது.

முதல்வர் அம்மாவின் புருவம் ஏறியது.

"ஐஸ் வெச்சா மரத்துப்போயிடும் மேடம்" என்று மாணவி யோசனை சொன்னாள். இரண்டு பை ஐஸ் வந்தது. பத்து நிமிடத்தில் குமாஸ்தாவுக்கு வலது தொடை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. மாணவி நிம்மதியாக வரைந்து முடித்தாள்.

"மேல தொடங்குற இடம் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் போகணும்மா. குறுக்கா இறங்கி, முழங்காலுக்கு உள்பக்கமா முடியும்" என்றார் கோட்டுக்காரர், நாற்காலியை விட்டு அசையாமலே.

"அவ்வளவு தூரத்துல இருந்தே தெரியுதா சார்!" முதல்வர் அம்மா வியந்தார்.

"பன்னிரண்டு வருஷ அனுபவம் மேடம். கண்ண மூடினாக்கூட பேனா எங்க போகுதுன்னு சொல்லிடுவேன்."

அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தாவின் செல்பேசி அடித்தது. வாசல் காவலாளி.

"சார், அரை டவுசர் போட்டுக்கிட்டு ஒருத்தர் சைக்கிள்ல வந்திருக்காரு. தேர்வுக்கு வந்தேங்கிறாரு."

குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பியது. "மேடம், ஆள் வந்துட்டாரு! நான் எழுந்திரிச்சுடறேன்!"

"பாதித் தொடையில ஆள் மாத்தினா சார் என்ன நினைப்பாரு? படுங்க!" என்று முதல்வர் அம்மா பல்லைக் கடித்தார். "அவனை வாசல்லயே உக்கார வைக்கச் சொல்லுங்க."

அடுத்து வந்த மாணவன் ஐஸ் வைத்த விஷயம் தெரியாதவன். "இடுப்பு மூட்டைப் பார்க்கணும், எழுந்து நடங்க" என்றான். குமாஸ்தா நடந்தார். மரத்த கால் ஒரு திசையிலும் குமாஸ்தா ஒரு திசையிலும் போனார்கள்.

"இடுப்புத் தசை பலவீனம். மூட்டும் நழுவியிருக்கலாம்" என்று மாணவன் கடகடவென்று எழுதினான்.

"நல்லா இருக்கிற காலுய்யா இது!" என்று அலறினார் குமாஸ்தா.

மரத்ததைச் சரிசெய்ய யாரோ சூட்டுக் களிம்பை எடுத்துத் தேய்த்தார்கள். ஐஸ் பட்ட தோலில் அது சும்மா இருக்குமா? பற்றிக்கொண்டது. குமாஸ்தா குதித்த குதியில் பக்கத்தில் நின்ற எலும்புக்கூடு சாய்ந்தது. அதன் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து கழன்று, உருண்டு போய்க் கோட்டுக்காரரின் காலடியில் நின்றது.

அவர் அதை எடுத்து மாணவனிடம் நீட்டினார். "இந்தப் பந்து அந்தக் கிண்ணத்துல உக்காரணும் தம்பி." பிறகு குமாஸ்தாவைப் பார்த்துப் பரிவோடு சொன்னார். "மூச்ச மெதுவா விடுங்க சார். மேல பாத்து கூரை ஓடுகள எண்ணுங்க. எரிச்சலும் தெரியாது, கூச்சமும் தெரியாது."

என்ன ஆச்சரியம்! வேலை செய்தது. குமாஸ்தா நூற்றிருபது ஓடு எண்ணுவதற்குள் இன்னும் நான்கு மாணவர்கள் வரைந்து முடித்தார்கள். அவர்கள் வரைந்தது குமாஸ்தா பெட்டிகளுக்கு எண் போட வைத்திருந்த, அழியாத மைப் பேனாவால் என்பது பிறகுதான் தெரிந்தது.

செல்பேசி மறுபடி அடித்தது. "சார், அந்த சைக்கிள்காரரு ரொம்பக் கத்துறாரு. 'நான் இல்லாம தேர்வு எப்படி நடக்கும்'ங்கிறாரு. அவர் யாருன்னா..."

முதல்வர் அம்மா செல்பேசியைப் பிடுங்கினார். "லேட்டா வந்துட்டு ஒரு தொடைக்கு இவ்வளவு திமிரா? சைக்கிளப் பூட்டி உக்கார வை!" வைத்துவிட்டார்.

கடைசி மாணவனும் முடித்தான். முதல்வர் அம்மா கைகட்டி நின்றார். "எப்படி சார் நம்ம பசங்க?"

"தங்கமான பசங்க மேடம். யாருமே பேனாவ அழுத்திக் குத்தல. எல்லாரையும் பாஸ் போடலாம்."

"அதை எழுதிக் கொடுத்துடுங்க சார்!" மதிப்பெண் தாளை நீட்டினார். கோட்டுக்காரர் சற்றுத் தயங்கி, பெரியவர்கள் கேட்கும்போது மறுப்பது அழகில்லை என்று நினைத்தவர்போல, எல்லாருக்கும் நூறு போட்டுக் கையெழுத்திட்டார்.

முதல்வர் அம்மாவுக்குக் கண் கலங்கியது. "குமாஸ்தா சார், உங்க நிரந்தர வேலை உத்தரவுல இப்பவே கையெழுத்து போடறேன்" என்று பேனாவைத் திறந்தார். குமாஸ்தாவுக்குத் தொடை எரிந்தது, மனசு குளிர்ந்தது. ஆறு வருடம்! நடக்க முடிந்திருந்தால் ஆடியிருப்பார்.

பேனா தாளைத் தொடும் நேரத்தில், கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி அழகாக மடித்து நாற்காலியில் வைத்தார். டையையும் தளர்த்திக்கொண்டார்.

"அவர் தொடை முடிஞ்சுதுல்ல மேடம்? அடுத்து என் தொடைதானே, நான் எந்த மேசையில படுக்கணும்?"