மணிக்கு எண்பத்தாறு

பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போதே கைப்பேசி விடாமல் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவருக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

‘மலை இறக்கத்தில் மணிக்கு எண்பத்தாறு கிலோமீட்டர்! சங்கத்தின் புதிய சாதனை! டாக்டர் வாழ்க!’

சைக்கிள் சங்கத்தில் எட்டுப் பேர். அவரவருக்கு ஒழிந்த நாளில் தனியாகப் போய் மலையிறங்குவார்கள். கைப்பேசிச் செயலி வேகத்தை அளந்து, குழுவில் தானாகவே போட்டுவிடும். டாக்டர் நேற்றுதான் முதல் தடவையாகப் போனார். உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். சாலை கயிறு மாதிரி தொங்கியது. ஊரார் பல்லையெல்லாம் ஆட்டிப் பிடுங்கியவரின் பல்லே தந்தியடித்தது. வந்த முட்டைக்கோஸ் வேனைக் கைகாட்டி நிறுத்தி, சைக்கிளைப் பின்னால் போட்டு, மூட்டைகளுக்கு நடுவே கண்ணை இறுக மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். செயலியை அணைக்க மறந்ததுதான் வினை.

“பேசாம உண்மையைச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி. சட்டையில் ஒட்டியிருந்த கோஸ் இலையை வைத்தே நேற்று எல்லாவற்றையும் கறந்திருந்தாள்.

“சொன்னா மானம் போயிடும்டி.”

“இல்லாத ஒண்ணு எப்படிங்க போகும்?”

டாக்டர் ‘செயலியில் ஏதோ கோளாறு’ என்று குழுவில் எழுதிப் பார்த்தார். பலன், அன்று மாலை சங்கத் தலைவரான வங்கி மேலாளரும், உறுப்பினரான போக்குவரத்து இன்ஸ்பெக்டரும் கிளினிக்குக்கே வந்துவிட்டார்கள். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைப் பிளந்து கிடந்தார்.

“இவ்வளவு அடக்கம் கூடாது டாக்டர்!” என்றார் மேலாளர். “என்னோட எண்பத்தி நாலையே முறியடிச்சிட்டீங்க. பிரேக்கே பிடிக்கலையா?”

“அது... பிரேக் கட்டை தேஞ்சு போச்சு சார். அதனாலதான்...”

“பிரேக் இல்லாமலா!”

நோயாளி, பிளந்த வாயை மூடாமலே கைதட்டினார்.

வரும் ஞாயிறு எல்லோரும் சேர்ந்து போவது, டாக்டர் முன்னால் இறங்கிக் காட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. கழுத்தா, கௌரவமா? டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“பந்தய வீரர்கள் செங்குத்து மலையில தொண்ணூறு, நூறுன்னு பறக்கறாங்கன்னா, அவங்களுக்கு ரோட்டையே மூடிக் கொடுக்கறாங்க சார். எதிர்ல வண்டி வராது. நமக்கு யார் மூடுவா?”

“நான் மூடறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ரெண்டு மணி நேரம் ஒரு வண்டி நகராது. போதுமா?”

போதும் போதும் என்றாகிவிட்டது டாக்டருக்கு. ஒரு வண்டியும் நகராது என்றால், வேனும் வராதே!

ஞாயிறு காலை எட்டுப் பேரும் மூச்சு வாங்க மிதித்து உச்சிக்கு வந்தார்கள். சாலையில் ஈ காக்கை இல்லை.

“இறங்குங்க டாக்டர். நாங்க பின்னாலேயே வர்றோம்,” என்றார் மேலாளர்.

டாக்டர் ஹெல்மெட் வாரை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். “தலைவர் நீங்க நிக்கும்போது நான் முன்னால போறது மரியாதையா சார்?”

மேலாளர் அவசரமாக இன்ஸ்பெக்டரைக் கைகாட்டினார். “ரோட்டை மூடினது இன்ஸ்பெக்டர். முதல் உரிமை அவருக்குத்தான்.”

இன்ஸ்பெக்டர் குனிந்து டயரை அமுக்கினார். “காத்து கம்மியா இருக்கே...”

அதைக் கேட்டதும் மற்ற ஐந்து பேரும் அவசர அவசரமாகத் தங்கள் டயர்களை அமுக்க ஆரம்பித்தார்கள்.

இனி ஒளித்துப் பயனில்லை. கௌரவம் போனால் போகட்டும், கழுத்தாவது மிஞ்சும் என்று டாக்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் சாலையோரம் டீக்கடை வைத்திருந்த அக்கா, தம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

“ஏன் சார், ஆளுக்கொரு நாளா வராம எட்டுப் பேரும் இப்படி ஒண்ணா வந்து நின்னா, அந்த முட்டைக்கோஸ் வேன்ல எடம் எப்படிப் பத்தும்?”