ஓகே ஆன ஆயிரத்து இருநூறு லீவர்கள்

உலகத்து ஞானம் முழுவதையும் இரண்டே எழுத்தில் அடக்கிய சொல் ஒன்று உண்டென்றால் அது ‘ஓகே’தான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரும் ஓசூர்ப் பக்கத்தில், மூவருக்கும் சண்டையில்லாமல் புரியும் ஒரே சொல்லும் அதுவே. டீ மாஸ்டரைப் பார்த்து ‘ஓகே’ என்றால் இன்னொரு டீ வரும். பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஓகே’ என்றால் நகைப் பேச்சைத் தொடங்கலாம். போனில் ‘ஓகே, ஓகே, ஓகே’ என்று மூன்று முறை சொன்னால், வைத்துத் தொலை என்று பொருள். பெண்டாட்டி ஒரே ஒரு முறை ‘ஓகே’ சொன்னால், அன்றைக்கு ஓட்டல் சாப்பாடு.

இச்சொல்லின் அருமை பெருமைகளை மேகலா முழுமையாகக் கற்றது, சூளகிரிக்குப் பக்கத்தில் பைக்குகளுக்கு பிரேக் லீவர் செய்யும் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம், சொன்னால் அவர்களுக்கு ஓகே ஆகாது. நாலு வருஷமாக அவள் அங்கே ‘டிரெய்னி’. லீவரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதென்றால் பச்சை ‘ஓகே’ ஸ்டிக்கர், கெட்டதென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று குவாலிட்டி மேனேஜர் திருமலை சார் சொல்லியிருந்தார். போன வருஷமும் சொன்னார்.

திருமலை சார் ஒரு மகான். பதினான்கு வருஷ சர்வீஸில் எந்தக் காகிதத்தையும் படித்து அதை அவமானப்படுத்தியதில்லை. யார் எதை நீட்டினாலும் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை தம் பெயருக்கு வந்த மெமோவிலேயே ‘ஓகே’ போட்டார்.

அன்றைக்கு வந்த லாட்டில் ஆயிரத்து இருநூறு லீவர். முதல் லீவரிலேயே, ஆணி போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கிராக். இரண்டாவதிலும் இருந்தது. பத்தாவதை அழுத்திப் பார்த்தாள். முறுக்கு மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது. கெலமங்கலத்திலிருந்து அவளைப் பின்னால் உட்கார வைத்து அவள் புருஷன் மாதேஷ் தினமும் ஓட்டி வரும் பைக்கிலும் இதே கம்பெனி லீவர்தான். பெட்டி பெட்டியாகச் சிவப்பு ஒட்டினாள்.

திருமலை சார் ஓடி வந்தார்.

“என்னாத்துக்கும்மா சிவப்பு?”

“கிராக் இருக்குதுங்க சார்.”

“கிராக் இல்லாத மனுஷன் இருக்கானா?”

“மனுஷனைப் புடிச்சி பிரேக் போட முடியாதுங்களே சார்.”

“லோடு சாயங்காலம் போவணும்மா. உன் பெர்மனன்ட் லெட்டரு என் டேபிள் மேலதான் இருக்குது, தெரியுமில்ல?”

சொல்லிக்கொண்டே சிவப்பை அவரே நகத்தால் உரித்தார். பச்சையை அவரே ஒட்டினார். கிராக் அங்கேயேதான் இருந்தது. ஆனால் இப்போது அது முறைப்படி ‘ஓகே’ செய்யப்பட்ட கிராக்.

அந்த நேரம் பார்த்து வந்தார் சாந்த் பாஷா. கேட்டுக்கு எதிரே பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். காலையில் திருமலை சாரின் பைக் ஸ்டாண்டில் சரிந்து பிரேக் லீவர் உடைந்ததால், வண்டி அவரிடம் இருந்தது.

“சார், உங்க வண்டிக்கு ஒரு லீவர் வாங்கணும்.”

“லீவர் செய்யற கம்பெனிக்காரன் காசு குடுத்து லீவர் வாங்கறதா? மேகலா, ஒண்ணு எடுத்துக் குடும்மா.”

“இன்னிக்கி லாட்டு மட்டும்தான் சார் இருக்குது.”

“ஓகே, ஓகே” என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

மேலதிகாரியின் உத்தரவை மீறலாமா? பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, பச்சை ஸ்டிக்கரோடு பாஷாவிடம் கொடுத்தாள்.

ஐந்தரை மணிக்கு திருமலை சார் சாவியைச் சுழற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். பைக் தயாராக நின்றது. லீவரில் பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது. அதைப் பிடிக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

“பாஷா, இது எந்த லாட்டு?”

“எனக்கென்னா தெரியும் சார்? அந்தம்மா குடுத்தாங்க.”

“இன்னிக்கி லாட்டு சார்” என்றாள், ரிப்போர்ட்டோடு கேட்டுக்கு வந்திருந்த மேகலா. “நீங்க ஓகே பண்ணதுதான்.”

திருமலை சார் லீவரைப் பார்த்தார். அப்புறம் ஹைவேயைப் பார்த்தார். பர்கூர்ப் பக்கமிருந்து கிரானைட் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

“டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு. நான் பஸ்ல போயிக்கறேன்.”

நடக்கச் சொன்ன டாக்டர் எதற்குப் பஸ்ஸில் போகச் சொன்னார் என்று பாஷா கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

கேட்டில் நின்ற லோடு லாரியிலிருந்து டிரைவர் எல்லப்பன் தலையை நீட்டினார். “சார், வண்டி எடுக்கட்டுங்களா?”

“ஓகே, ஓகே. நீ கெளம்பு.”

மேகலாவுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கியது. அடப்பாவி, உன் கழுத்து ஒன்றுதான் கழுத்தா? லோடோடு கஸ்டமருக்குப் போகவேண்டிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அவள் கையில் இருந்தது. ‘குறிப்பு’ என்ற இடத்தில் இரண்டு வரி எழுதினாள். எழுதும்போது, நாலு வருஷமாக வராத லெட்டர் கண்முன் வந்து டாட்டா காட்டியது. காட்டட்டும் என்று ரிப்போர்ட்டை நீட்டினாள்.

“ஒரு கையெழுத்து சார். படிச்சிட்டுப் போடுங்க.”

பஸ் வந்துவிட்டது. படித்துப் பார்க்க அவர் என்ன டிரெய்னியா? ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எல்லப்பனும் கிளம்பினார்.

மறுநாள் மத்தியானமே லாரி திரும்பி வந்தது. ஒரு பெட்டியைக்கூடக் கஸ்டமர் பிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மட்டும் படித்திருந்தார்கள். கீழே திருமலை சார் கைப்பட எழுதிய ‘ஓகே’. மேலே மேகலாவின் இரண்டு வரி:

“இந்த லாட்டில் ஒரு லீவர், மேனேஜரின் சொந்த பைக்கில் மாட்டிச் சோதிக்கப்பட்டது. முடிவு: மேனேஜர் பஸ்ஸில் போகிறார்.”